பதினோரு சரியான கைகள்

"பன்னிரண்டு கை தொங்குது அண்ணி. ஒண்ணாவது நம்மளை வாங்கன்னு கூப்பிடுதா பாருங்க" என்றான் கொழுந்தன்.

கலைக் கல்லூரியின் முதல் மாடி வராந்தாவில், சுவர் நெடுகப் பன்னிரண்டு கரி ஓவியங்கள் கிளிப் போட்டு மாட்டப்பட்டிருந்தன. இறுதியாண்டு மாணவர்கள் பரீட்சைக்கு வரைந்து கொடுத்தவை. பன்னிரண்டிலும் ஒரே விஷயம்தான்: மணிக்கட்டு வரைக்குமான ஒரு பிளாஸ்டர் கை, விரல்களை விரித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கை கல்லூரியின் சிலை அறையில் இருக்கிறது. மாதக் கடைசிக்குள் எப்போது வேண்டுமானாலும் அதன் முன்னால் போய் உட்கார்ந்து, கண்ணால் கண்டபடி வரைந்து தர வேண்டும். இவ்வளவுதான் பரீட்சை. ஓர் இடத்தில் உட்கார்ந்து ஒரு பொருளைப் பார்ப்பது இந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய தண்டனையாகிவிட்டது என்பது அண்ணிக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

அண்ணி துப்பறிகிறவள். கணவனின் தம்பி அவளுக்கு உதவியாளனாக வந்து சேர்ந்து, போகிற இடமெல்லாம் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் போலீஸ்காரர்கள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. இதற்கு முன்னால் அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடிக்கிற வேலை பார்த்தாள். எரியாத கடையை எரிந்ததாகவும், உயிரோடிருக்கிற மாமனாரைச் செத்ததாகவும் சொல்கிறவர்களோடு காலம் தள்ளியதில், படித்தவர்கள் சத்தமாகப் பேசினால் உடனே சந்தேகப்படுகிற நல்ல பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. கொழுந்தன் நாலு இடத்தில் வாயால் வேலையை இழந்தவன். ஐந்தாவதாக அண்ணியிடம் வந்தான். இங்கே அந்த வாய்க்குத்தான் சம்பளம்.

வழக்கைக் கொண்டுவந்தவள் பக்கத்திலேயே நின்றாள். இறுதியாண்டு மாணவி. சுவரில் கடைசியாக மாட்டியிருந்த கை அவளுடையது. மற்ற பதினோரு கைகளும் மருத்துவப் புத்தகத்திலிருந்து இறங்கி வந்தது போல இருந்தன. அவளுடையதில் மட்டும் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நின்றது. சுண்டுவிரல் இருக்க வேண்டிய கோடியில் ஆள்காட்டி விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். படங்களை மாட்டிய அன்று துறைத் தலைவர் அவள் படத்தின் முன்னால் நின்று, வகுப்பு மொத்தமும் கேட்கும்படி சிரித்தார். மனுஷன் எவனும் விரலை இடம் மாற்றிப் போட மாட்டான், இந்தக் கூத்தெல்லாம் ஏஐ செய்வது, கம்ப்யூட்டர் போட்ட படத்தைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறாள் என்று முதல்வருக்குப் புகார் எழுதினார். சிலை அறையில் இருக்கிற கையே அப்படித்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அவள் கெஞ்சினாள். முதல்வர் மறுநாள் போய்ப் பார்த்தார். பிளாஸ்டர் கையில் விரல்கள் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தன. அதோடு அவள் கதை முடிந்தது. கூடப் படிக்கிறவர்கள் அவளுக்கு 'மெஷின்' என்று பெயர் வைத்தார்கள். இன்று மாலை முதல்வர் கையெழுத்துப் போட்டால் சான்றிதழில் மோசடி என்று ஏறிவிடும். ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் வேலைக்கு அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சான்றிதழைப் பார்த்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் அண்ணியின் அலுவலகத்துக்கு வந்தபோது அவள் வேலையைப் பற்றிக் கடைசியில்தான் சொன்னாள்.

"நான் பார்த்ததைத்தான் வரைஞ்சேன் மேடம். ஆனா வீட்டுல அம்மாவே, அத்தனை பேரும் ஒரு மாதிரி போட்டிருக்கும்போது நீ மட்டும் எப்படிம்மா சரின்னு கேக்குறாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. ஒரு வாரமா கையில கரியே எடுக்கல. என் கண்ணு சரியா இருக்கான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

இதற்குக் கண் டாக்டர்தானே வேண்டும் என்று ஆரம்பித்த கொழுந்தன், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினான்.

இப்போது அண்ணி வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை படங்களைப் பார்த்தபடி நடந்தாள். திரும்பி வந்து, சிலை அறையில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மாணவியிடம் கேட்டாள். வலது பக்கம் ஒரே ஒரு ஜன்னல், டியூப் லைட் பழுதாகி எத்தனையோ நாளாகிறது என்றாள் அவள்.

"தம்பி, நிழலைப் பாரு" என்றாள் அண்ணி.

கொழுந்தன் பார்த்தான். முதல் படத்தில் கையின் நிழல் வலது பக்கம் விழுந்தது. அடுத்ததில் கீழே. அதற்கடுத்ததில் நேர் பின்னால். ஒரு பையன் படத்தில் இரண்டு பக்கமும் நிழல். கடைசிப் படத்தில் மட்டும் நிழல் இடது பக்கம் சாய்ந்து, ஜன்னலுக்கு எதிர்த்திசையில், நியாயமாக விழுந்திருந்தது.

"ஒரே ரூம்ல இத்தனை சூரியனா? துணி காயப்போட நல்ல இடம் அண்ணி."

"இந்தப் பதினோரு பேரும் அந்த ரூம் பக்கமே போகல" என்றாள் அண்ணி.

மாணவி தலைகுனிந்தாள். அவளுக்கு முன்பே தெரியும். ஏஐயிடம் பிளாஸ்டர் கை, கரி ஓவியம் என்று தட்டினால் அரை நிமிஷத்தில் கொடுத்துவிடுகிறது. அதைக் காகிதத்தில் அச்செடுத்து, அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் வைத்து, மேலே இன்னொரு தாளைப் போட்டுக் கோடு இழுத்தால் ஆயிற்று. விரலில் தப்பு செய்வதெல்லாம் அதன் பழைய பழக்கம், இப்போது நம்மைவிடச் சுத்தமாகப் போடுகிறது என்றாள். இதை யாரிடமும் சொல்லவில்லையா என்று அண்ணி கேட்டதற்கு, சொன்னேன், பொறாமை என்றார்கள் என்றாள்.

அப்போது வராந்தாவில் முதலில் ஒரு சால்வை வந்தது. அதன் பின்னால் துறைத் தலைவர் வந்தார்.

அவரைப் பற்றி அண்ணி கேள்விப்பட்டிருந்தாள். கல்லூரிச் சுவரில் இடைவெளி தெரிந்த இடமெல்லாம் அவர் அச்சடித்த சுவரொட்டிதான் ஒட்டியிருந்தது: 'எந்திரத்துக்குக் கண் இல்லை.' மேடை கிடைத்தால் போதும், என் மாணவர்கள் ஏஐ இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள் என்று முழங்குவார். இப்போதும் யாரும் கேட்காமலே ஆரம்பித்தார். கலை என்பது தவம், பார்வை என்பது வேள்வி என்று போய்க்கொண்டே இருந்தார். கொழுந்தன் கொட்டாவியை மறைக்கவில்லை. கடைசியில் தன் அறை வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். அதே பிளாஸ்டர் கை. கீழே 'பார்த்தல்' என்று தலைப்பு, அதைவிடப் பெரிதாகக் கையெழுத்து. விரல்கள் வரிசையாக, சரியாக இருந்தன.

இது எப்போது வரைந்தது என்று அண்ணி பணிவாகக் கேட்டாள். பணிவு அவள் வைத்திருந்த ஆயுதங்களில் மோசமானது.

"இந்த வருஷ ஆரம்பத்துல. அந்தக் கை முன்னால நானே உட்கார்ந்து வரைஞ்சேன். பசங்களுக்கு ஒரு வழிகாட்டி வேணும் இல்லையா?"

"அந்தக் கை எப்பவாவது உடைஞ்சு, ஒட்டின மாதிரி ஏதாவது?"

"நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அதே மேடையில நிக்குதும்மா. ஒரு கீறல் விழுந்தது கிடையாது" என்று சொல்லிவிட்டு, முதல்வர் அறையில் விசாரணைக்கு நேரமாகிறது என்று சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

சிலை அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. உள்ளே ஸ்டூல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன, ஒட்டடை அவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தது. ஒரே ஒரு ஸ்டூல் மட்டும் நடுவில் தனியாகக் கிடந்தது. அதன் காலடியில் கரித்தூள் சிந்தியிருந்தது. எதிரே மர மேடையில் பிளாஸ்டர் கை, விரல்கள் எல்லாம் ஒழுங்காக, பால் மாதிரி வெள்ளையாக நின்றது.

மாணவி அதைப் பார்க்கவே பயந்தாள். "இதை எத்தனையோ தடவை வந்து வந்து பார்த்துட்டேன். அப்ப நான் பார்த்தது என்னன்னே தெரியல."

அண்ணி கையைப் பார்க்கவில்லை. அது நின்ற மேடையைப் பார்த்தாள். பழைய மரத்தில் வெயில் படாத இடம் வட்டமாக, வேறு நிறத்தில் தெரிந்தது. அந்த வட்டத்துக்கு நடுவில் நின்ற கையின் அடிப்பாகமோ சதுரம்.

"இவ்வளவு நாளா நிக்கிற கைக்கு மூலை இப்பத்தான் முளைச்சிருக்கு" என்றான் கொழுந்தன். "அதுக்குள்ள வெள்ளையும் அடிச்சுக்கிட்டிருக்கு. ஏதோ கல்யாணத்துக்குப் போகுது போல."

"பழசு எங்கன்னு யோசி. மூட்டை கட்டிக் கேட் வழியா எடுத்துட்டுப் போனா வாட்ச்மேன் கேப்பான். நிறைய கைக்கு நடுவுல ஒரு கையை வெச்சா யாரு கேப்பா?"

மாடிப்படிக்கு அடியில் உடைந்த சிலைகளைப் போடுகிற அறை ஒன்று இருந்தது. அதற்குப் பூட்டு கிடையாது. மூக்கில்லாத முகத்தை யார் திருடப் போகிறார்கள்? கொழுந்தன் குனிந்து உள்ளே நுழைந்தான். தும்மல் சத்தமும், நடுநடுவே புலம்பலும் வெளியே கேட்டன. இத்தனை கை இருந்தும் விளக்கைப் பிடிக்க ஒரு கை இல்லை என்றான். பத்துப் பாதம் கிடைத்தது, எல்லாம் இடது கால், இந்தக் கல்லூரி எந்தக் காலை எடுத்து வைத்தது என்று இப்போது புரிகிறது என்றான். தூசி இல்லாததை மட்டும் எடு என்று அண்ணி வெளியிலிருந்தே சொன்னாள். கொஞ்ச நேரத்தில் புலம்பல் நின்றது. காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வெளியே வந்தான். சுற்றியிருந்த காகிதம் 'எந்திரத்துக்குக் கண் இல்லை' சுவரொட்டி.

பிரித்தார்கள். பழுப்பேறிய பிளாஸ்டர் கை. வட்ட அடிப்பாகம். கட்டைவிரலை ஒட்டிச் சுண்டுவிரல். மறுகோடியில் ஆள்காட்டி விரல். இரண்டின் அடியிலும் பசை வழிந்து காய்ந்திருந்தது. எப்போதோ விழுந்து இரண்டு விரல் முறிந்திருக்கிறது, எடுத்து ஒட்டிய மகானுபாவர் இடம் மாற்றி ஒட்டியிருக்கிறார்.

மாணவி அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். துக்கத்தில் அழவில்லை, ஒரு வாரமாக இறுக்கிப் பிடித்திருந்தது விட்டுப்போனதில் அழுதாள். அண்ணி அவள் தோளில் கைவைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

முதல்வர் அறையில் பேனா மூடி திறந்தபடி தயாராக இருந்தது. முதல்வர் எதையும் சீக்கிரம் முடித்துவிட்டால் அது நல்லபடியாக முடிந்ததாக நினைக்கிறவர். அண்ணி பழைய கையை மேஜையில் வைத்து, மாணவியின் படத்தைப் பக்கத்தில் நிறுத்தினாள். விரல்கள் மட்டுமா, மணிக்கட்டில் சில்லு பெயர்ந்த இடம்கூட அப்படியே படத்தில் இருந்தது. முதல்வர் மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். துறைத் தலைவரைப் பார்த்தார்.

துறைத் தலைவர் கொஞ்சம்கூட அசரவில்லை. ஒரு நிமிஷம் சால்வையின் ஓரத்தைத் தடவினார். பிறகு வருத்தமாகச் சிரித்தார்.

"பாவம், இந்தப் பொண்ணு எவ்வளவு தூரம் போயிருக்கு பாருங்க சார். புகார் போனதும் பயந்துட்டா. பழைய சாமான்லேர்ந்து ஒரு கையை எடுத்து, படத்துக்குத் தகுந்த மாதிரி உடைச்சு, ஒட்டி வெச்சிருக்கா. இப்ப அதைக் கண்டுபிடிச்ச மாதிரி ஒரு நாடகம்."

முதல்வரின் கை பேனாவை நோக்கிப் போனது. கொழுந்தனுக்குக்கூட ஒரு கணம் தூக்கிவாரிப்போட்டது, இந்த ஆள் தோற்றுப்போகிற ஜாதி இல்லை போலிருக்கிறதே என்று.

அண்ணி பெருமூச்சு விட்டாள். இருக்கலாம் சார், நான் ஓவியம் படித்தவள் இல்லை, எனக்குப் பசை மட்டும்தான் தெரியும் என்றாள். இன்ஷூரன்ஸில் இருந்தபோது ஒட்டுப்போட்ட சாமான்கள் நிறையப் பார்த்ததாகவும், இந்தப் பசை மஞ்சளாகியிருப்பதைப் பார்த்தால் உடைந்து இரண்டு வருஷமாவது இருக்கும் என்றும் சொன்னாள். அதில் ஒரு வார்த்தை உண்மை கிடையாது. அவளுக்குப் பசையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது விரலில் ஒட்டும் என்பதுதான்.

"அப்ப ஒரே ஒரு குழப்பம்தான் சார்" என்று துறைத் தலைவர் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வருஷமா கை இப்படி இருக்கு. நீங்க இந்த வருஷம் இதைப் பார்த்து வரைஞ்சேங்கறீங்க. உங்க படத்துல விரல் எல்லாம் சரியா இருக்கு. அப்படின்னா அந்தப் படம் ஏஐ போட்டதுதானே?"

துறைத் தலைவரை எவ்வளவோ பேர் எவ்வளவோ திட்டியிருப்பார்கள். இப்படி ஒருவரும் திட்டியதில்லை. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டு வருஷமா? யாருக்கும்மா கதை சொல்றீங்க? காலேஜைப் பார்க்க ஆய்வுக் குழு வந்த அன்னைக்குத்தான் அது விழுந்தது. போன மாசத்துக்கு முந்தின மாசம். என் கையாலதான் ஒட்டினேன். நான் வரைஞ்சப்ப அது முழுசா இருந்தது, என் படத்தைப் போய் ஏஐன்னு..."

முதல்வர் பேனாவிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரு கீறல் கூட விழலைன்னு சொன்னீங்களே சார்" என்றான் கொழுந்தன், மிகுந்த அக்கறையோடு.

மீதியை அண்ணி சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் முதல்வருக்காகச் சொன்னாள். இந்தப் பெண் போய்ப் பாருங்கள் என்று கெஞ்சிய அன்றே இவர் போய்ப் பார்த்திருக்கிறார். தான் இடம் மாற்றி ஒட்டிய விரல்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கவனித்திருக்கிறார். அவள் படம் சரி என்றால் இவர் மேடைக்கு மேடை மெச்சிய பதினோரு பேரின் படமும் களவு என்று ஆகிவிடும். ஒரு பெண்ணின் வாழ்க்கையா, தன் மேடைப் பேச்சா என்று தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, புதிதாக ஒரு கையை வாங்கி வந்து மேடையில் நிறுத்தியிருக்கிறார்.

துறைத் தலைவர் உட்கார்ந்தார். ஆனாலும் வாய் ஓயவில்லை. மற்றது எப்படியோ போகட்டும், 'பார்த்தல்' படம் சத்தியமாக அவர் தன் கையால் வரைந்தது, அதை மட்டும் ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று முதல்வரிடம் மன்றாடினார். முதல்வர் இரண்டு பக்கமும் நல்லவராக இருக்கப் பார்த்தார். கல்லூரியின் பெயர் கெடாமல், இவளுக்குப் போனால் போகிறதென்று கருணை மதிப்பெண் போட்டுப் பாஸ் கொடுத்துவிடலாமே என்று இழுத்தார்.

"கருணை வேண்டாம் சார்" என்றாள் மாணவி. அவள் குரல் அவ்வளவு தெளிவாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். பையிலிருந்து ஒரு தாளையும் கரித்துண்டையும் எடுத்துத் துறைத் தலைவர் முன்னால் வைத்தாள். பழைய கையை அவருக்கு நேராகத் திருப்பினாள். "நீங்களே வரைஞ்சதுன்னு சொல்றீங்க. நான் நம்புறேன். இதை வரைஞ்சு காட்டுங்க."

துறைத் தலைவரின் முகம் மலர்ந்தது. சால்வையைக் கழற்றி வைத்தார். கரியை எடுத்ததும் ஆளே மாறிவிட்டார். அண்ணியும் மனதுக்குள் ஒத்துக்கொண்டாள், கோடு நன்றாகத்தான் வந்தது. சரசரவென்று மணிக்கட்டு, உள்ளங்கை, கட்டைவிரல். கை வரைவது எப்படி என்று பாடம் வேறு நடத்திக்கொண்டே வரைந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. நிழலை வலது பக்கம் இழுத்துவிட்டார், ஜன்னலும் அதே வலது பக்கம்தான் இருந்தது. முடித்ததும் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு, எப்படி என்பது போல முதல்வர் பக்கம் தள்ளினார்.

அருமையான கை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். எல்லாம் அதனதன் இடத்தில்.

விரல்கள் இடம் மாறியிருப்பது அந்த அறையில் மற்ற எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒட்டியவரே அவர்தான். அதற்காகத்தான் இவ்வளவு களவும் செய்தார். தெரிந்தும், கண்ணெதிரே வைத்தும், கை பழைய தடத்திலேயே ஓடியிருக்கிறது.

"அண்ணி, பாவம், நாமதான் அபாண்டமா பேசிட்டோம்" என்றான் கொழுந்தன் தணிந்த குரலில். "இவர் ஏஐ எதுவும் வெச்சுக்கல."

"இவருக்கு எதுக்கு?" என்றாள் அண்ணி. "அது வரையறதுக்கு முன்னாடி நாலு படத்தையாவது பார்க்குமாம்."

முதல்வர் முதன்முறையாகக் குனிந்து அந்தப் பிளாஸ்டர் கையைப் பார்த்தார். விரலை ஒவ்வொன்றாக எண்ணினார், தாளைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். பிறகு பேனாவை எடுத்து மோசடிக் காகிதத்தின் குறுக்கே கோடு போட்டார். மாணவியின் படத்துக்கு முழு மதிப்பெண் எழுதிக் கையெழுத்திட்டார். மற்ற பதினோரு பேரும் நாளைக் காலையில் சிலை அறையில் வந்து உட்கார வேண்டும், போன்களை என் மேஜையில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றார். துறைத் தலைவரைப் பற்றி நிர்வாகத்துக்கு இன்றே எழுதுவதாக, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

துறைத் தலைவருக்கு இது எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தன் படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று தாளைக் கசக்கினார்.

"அவசரத்துல போட்டுட்டேன். இன்னொரு பேப்பர் கொடும்மா."

மாணவி பையைத் திறந்து இன்னொரு தாள் கொடுத்தாள். அவளுக்கு இப்போது அவர் மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படுகிற அளவுக்கு அங்கே ஆள் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. கையெழுத்தான காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் குழந்தைகளிடம் எப்படிச் சொல்வாளோ அப்படி, மெதுவாகச் சொன்னாள்.

"பேப்பரை அப்புறம் பார்க்கலாம் சார். முதல்ல கையைப் பாருங்க."

துறைத் தலைவர் தலையாட்டினார். தலையாட்டியபடியே குனிந்து, கட்டைவிரலை முடித்து, அடுத்ததாக ஆள்காட்டி விரலைப் போட ஆரம்பித்தார்.